மூல நிரலில் இருந்து நிறுவலும் பொதி கட்டலும்

மூல நிரலில் இருந்து நிறுவல், பொதி கட்டல் ஆகியவை லினக்ஸ் கணினிகளில் மென்பொருளைச் சேர்ப்பதற்கான இரு வழிமுறைகள் ஆகும். முதல் வழியில், நிரலாளர் எழுதி வெளியிட்ட மூல நிரலைப் பயனரே பதிவிறக்கி, தன் கணினியில் இயங்கும் வடிவத்துக்கு மாற்றி, உரிய அடைவுகளில் இடுகிறார். இரண்டாவது வழியில், அதே மாற்றம் ஓரிடத்தில் ஒரு முறை செய்யப்படுகிறது. அதன் விளைவு பெயர், பதிப்பெண், சார்புகள், கோப்புப் பட்டியல் ஆகியவற்றுடன் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டுப் பல கணினிகளுக்கு வழங்கப்படுகிறது. இவ்வாறு கட்டப்பட்ட கோப்பே பொதி எனப்படும். பேச்சு வழக்கில் இது பேக்கேஜ் என்றும் சொல்லப்படுகிறது.

இரு வழிகளிலும் மூல நிரல் ஒன்றே. அதை மாற்றும் கருவிகளும் பெரும்பாலும் ஒன்றே. நிறுவிய பின்னர் யாரிடம் பதிவு இருக்கிறது, பிழை கண்டறியப்பட்டால் யார் திருத்துவது என்பதில்தான் இவை வேறுபடுகின்றன. மூல நிரலில் இருந்து நிறுவியவர் அந்த மென்பொருளின் பராமரிப்பையும் தாமே ஏற்கிறார். பொதியாகப் பெறுபவர் அப்பொறுப்பைப் பொதிப் பராமரிப்பாளரிடம் ஒப்படைக்கிறார்.

வரலாறு

யுனிக்ஸ் கணினிகளில் மென்பொருள்கள் தொடக்கத்தில் மூல நிரலாகவே பகிரப்பட்டன. ஒவ்வொரு நிறுவனத்தின் யுனிக்சும் வன்பொருளும் வேறுபட்டிருந்தமையால், ஒரு கணினிக்காக மாற்றப்பட்ட இருமக் கோப்பு மற்றொன்றில் இயங்கவில்லை. 1976 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் என்னும் கருவி, எந்தக் கோப்பு மாறினால் எவற்றை மீண்டும் உருவாக்க வேண்டும் என்பதைக் கணித்து அப்பணியை எளிதாக்கியது. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டம் நிரல்பெயர்ப்பி முதலிய கருவிகளைக் கட்டற்ற மென்பொருளாக அளித்தது. 1991 இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப், ஒவ்வொரு கணினியின் இயல்பையும் ஆராய்ந்து அதற்கேற்ப மூல நிரலைத் தகவமைக்கும் கான்ஃபிகர் என்னும் படிவ நிரலை உருவாக்க உதவியது.

1991 இல் லினஸ் டோர்வால்ட்சு லினக்ஸ் கருனியை வெளியிட்ட பின்னர், கருனியையும் குனூ கருவிகளையும் ஒன்றுசேர்த்து அளிக்கும் வழங்கல்கள் தோன்றின. 1993 இல் பேட்ரிக் வோல்கர்டிங்கின் சிலாக்வேரும் இயன் மர்டாக்கின் டெபியனும் தொடங்கின. டெபியனின் பொதி மேலாளரான டிபிகேஜி 1994 இல் உருப்பெற்றது. ரெட்ஹேட் நிறுவனத்தின் ஆர்பிஎம் 1995 இல் வெளிவந்தது. சார்ந்த பொதிகளைத் தானே கண்டறிந்து பதிவிறக்கும் ஏபிடி என்னும் கருவி 1999 இல் வெளியான டெபியன் 2.1 இல் இடம்பெற்றது. 2002 இல் 1.0 பதிப்பை எட்டிய ஜென்டூ, பொதி மேலாண்மையைக் கைவிடாமலேயே ஒவ்வொரு மென்பொருளையும் பயனரின் கணினியில் மூல நிரலில் இருந்து உருவாக்கும் வழியைப் பின்பற்றியது.

மூல நிரலில் இருந்து நிறுவல்

வழமையான படிகள்

மூல நிரல் பெரும்பாலும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாகக் கிடைக்கும். அதனை விரித்த பின்னர், குனூ கருவிகளைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் மூன்று கட்டளைகள் இடப்படுகின்றன.

முதலாவது கான்ஃபிகர். கணினியில் நிரல்பெயர்ப்பி உள்ளதா, தேவையான நிரலகங்கள் எவை, அவற்றின் பதிப்புகள் போதுமானவையா என இது சோதிக்கிறது. ஏதேனும் ஒன்று இல்லையெனில் இந்தப் படியிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது மேக். மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் பணி இதில் நடைபெறுகிறது. சிறிய மென்பொருளுக்குச் சில நொடிகளும் இணைய உலாவி போன்றவற்றுக்குப் பல மணி நேரமும் தேவைப்படலாம்.

மூன்றாவது மேக் இன்ஸ்டால். உருவான கோப்புகளைக் கணினியின் அடைவுகளில் இது படியெடுக்கிறது. பொது அடைவுகளில் எழுத வேண்டியிருப்பதால் ரூட் எனப்படும் முதன்மைப் பயனரின் உரிமை இதற்குத் தேவை.

சீமேக், மேசான் ஆகிய பிற்காலக் கருவிகளில் கட்டளைகள் வேறுபட்டாலும், சோதித்தல், உருவாக்குதல், இடுதல் என்னும் வரிசை மாறுவதில்லை.

இவ்வாறு நிறுவப்படும் கோப்புகள், வேறு கட்டளை இடப்படாவிடில், யூஎஸ்ஆர் அடைவின் உள்ளே இருக்கும் லோக்கல் என்னும் அடைவுக்குச் செல்கின்றன. பொதிகளின் கோப்புகள் யூஎஸ்ஆர் அடைவிலேயே இடப்படுகின்றன. பொதிகள் லோக்கல் அடைவில் கோப்புகளை வைத்தலாகாது என்பது டெபியனின் விதி. கணினிக்கு உரியவர் தம் கையால் சேர்த்தவற்றைப் பொதி மேலாளர் மேலெழுதிவிடக் கூடாது என்பதே இப்பிரிவினையின் நோக்கம்.

நன்மைகள்

வழங்கலின் களஞ்சியத்தில் இன்னும் சேராத புதிய பதிப்பை உடனே பெறலாம். தேவையற்ற கூறுகளை நீக்கியோ தேவையானவற்றைச் சேர்த்தோ உருவாக்கலாம். மூல நிரலில் மாற்றம் செய்து அதன் விளைவைக் காணலாம். மாணவர்களைப் பொறுத்தவரை, ஒரு மென்பொருள் எவ்வெவற்றைச் சார்ந்து நிற்கிறது என்பதை அறிய இதனினும் நேரடியான வழி இல்லை.

குறைகள்

மேக் இன்ஸ்டால் கட்டளை கோப்புகளைப் படியெடுக்கிறதே அன்றி, எவை எங்கே இடப்பட்டன என்பதைப் பொதி மேலாளரின் தரவுத்தளத்தில் பதிவதில்லை. ஆகவே அம்மென்பொருள் கணினியில் இருப்பதையே பொதி மேலாளர் அறியாது. சில மென்பொருள்கள் நீக்குவதற்கான கட்டளையையும் தருகின்றன. ஆயினும் உருவாக்கப்பட்ட அடைவு அழிக்கப்பட்டிருந்தால் அதுவும் பயன்படாது. கணினி முழுவதும் இற்றைப்படுத்தப்படும்போது இம்மென்பொருள் மட்டும் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். அது சார்ந்திருந்த நிரலகம் புதிய பதிப்புக்கு மாறினால் இயங்காமலும் போகலாம்.

பொதி

உள்ளடக்கம்

டெபியன் வகைப் பொதி ஒன்று மூன்று பகுதிகளைக் கொண்டது. பொதி வடிவத்தின் பதிப்பெண்ணைக் கூறும் சிறு கோப்பு முதலாவது. பெயர், பதிப்பு, பராமரிப்பாளர், சார்புகள், நிறுவும்போதும் நீக்கும்போதும் இயங்க வேண்டிய சிறுநிரல்கள் ஆகியவற்றைக் கொண்ட கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டாவது. கணினியில் இடப்பட வேண்டிய கோப்புகள் மூன்றாவது. ஆர்பிஎம் பொதியின் அமைப்பு வேறாயினும் அதில் அடங்கும் செய்திகள் ஏறத்தாழ இவையே.

பொதி நிறுவப்படும்போது அதன் ஒவ்வொரு கோப்பின் இடமும் தரவுத்தளத்தில் பதியப்படுகிறது. இப்பதிவு இருப்பதாலேயே ஒரு கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என வினவவும், பொதியை எச்சமின்றி நீக்கவும், இரு பொதிகள் ஒரே கோப்பை எழுத முனைந்தால் தடுக்கவும் இயலுகிறது.

பொதி கட்டும் முறை

டெபியனில் பொதி கட்டுபவர், மூல நிரலின் அடைவுக்குள் டெபியன் என்னும் துணை அடைவை உருவாக்கி, அதில் சில கோப்புகளை எழுதுகிறார். கன்ட்ரோல் என்னும் கோப்பு பொதியின் விவரத்தையும் சார்புகளையும் கூறும். ரூல்சு என்னும் கோப்பு உருவாக்கும் படிகளைக் கூறும். சேஞ்ச்லாக் மாற்றங்களின் வரலாற்றையும், காப்பிரைட் உரிமத்தையும் பதிவு செய்யும். ஆர்பிஎம் முறையில் இவை அனைத்தும் ஸ்பெக் எனப்படும் ஒரே கோப்பில் எழுதப்படுகின்றன.

இங்கும் கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் ஆகியவையே இயங்குகின்றன. ஆனால் கடைசிப் படியில் கோப்புகள் கணினியின் உண்மையான அடைவுகளுக்குச் செல்லாமல், ஒரு தற்காலிக அடைவில் இடப்படுகின்றன. அந்த அடைவே பின்னர் பொதியாகக் கட்டப்படுகிறது. எனவே, பொதி கட்டத் தெரிந்தவர் மூல நிரலில் இருந்து நிறுவவும் தெரிந்தவராகவே இருப்பார்.

தரமான பொதி, தூய்மையான சூழலில் கட்டப்பட வேண்டும். பராமரிப்பாளரின் சொந்தக் கணினியில் தற்செயலாக இருக்கும் நிரலகம் ஒன்றால் பொதி உருவாகிவிட்டால், அதே பொதியைப் பிறர் உருவாக்க முடியாது. இதனைத் தவிர்க்க டெபியனில் எஸ்பில்டு, பிபில்டர் ஆகியவையும் ஃபெடோராவில் மாக் என்பதும் பயன்படுகின்றன. இவை குறைந்த அளவு பொதிகள் மட்டும் கொண்ட ஒரு தனிச் சூழலை உருவாக்கி, கன்ட்ரோல் அல்லது ஸ்பெக் கோப்பில் குறிப்பிட்ட சார்புகளை மட்டும் அதில் சேர்த்துப் பொதியைக் கட்டுகின்றன. லின்டியன் என்னும் கருவி டெபியன் பொதி விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா எனச் சோதிக்கிறது.

உரிமமும் மூல நிரலும்

பொதியாக இருமக் கோப்பைப் பெறுபவர் மூல நிரலை இழப்பதில்லை. குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வரும் மென்பொருளை இருமக் கோப்பாக வழங்குபவர், அதற்குரிய மூல நிரலும் பெறுநருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். டெபியன் களஞ்சியத்தில் ஒவ்வொரு பொதிக்கும் நேரான மூலப் பொதி வைக்கப்பட்டுள்ளது. அதில் நிரலாளர் வெளியிட்ட மூல நிரலும், வழங்கல் செய்த மாற்றங்களும் தனித்தனியே இருப்பதால் யார் எதை மாற்றினார் என்பதைக் காண இயலும்.

எடுத்துக்காட்டு: தமிழ் எழுத்துணரி

அச்சிட்ட நூலின் படத்தில் இருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் என்னும் மென்பொருள், இரு வழிகளின் வேறுபாட்டையும் தெளிவாகக் காட்டும். எச்பி நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பட்ட இது, 2005 இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2018 அக்டோபரில் வெளியான 4.0 பதிப்பு, நரம்பியல் வலையமைப்பு முறையில் எழுத்துகளை உணரும் திறனைப் பெற்றது.

2017 இல் வெளியான டெபியன் 9 இலும், 2016 இல் வெளியான உபுண்டு 16.04 இலும் களஞ்சியத்தில் இருந்தது 3.04 பதிப்பே. நிலையான வழங்கல்கள் வெளியான பின்னர் பொதிகளின் முதன்மைப் பதிப்பை மாற்றுவதில்லை. ஆகவே அவற்றைப் பயன்படுத்தியவருக்குப் புதிய முறையில் தமிழ் எழுத்துகளை உணரச் செய்ய, மூல நிரலில் இருந்து நிறுவுவது ஒரு வழியாக இருந்தது.

அவ்வழியில் முதல் தடை சார்பு ஆகும். டெசராக்ட் 4, படங்களைக் கையாள்வதற்கான லெப்டோனிக்கா என்னும் நிரலகத்தின் 1.74 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை வேண்டியது. உபுண்டு 16.04 இல் இருந்தது 1.73. எனவே முதலில் லெப்டோனிக்காவையும் மூல நிரலில் இருந்து நிறுவ வேண்டியிருந்தது. ஒரு மென்பொருளுக்காகத் தொடங்கிய பணி இரண்டாக விரிந்தது.

இரண்டாவது தடை, புதிய நிரலகம் எங்கே உள்ளது என்பதைக் கணினிக்கு அறிவிப்பது. லோக்கல் அடைவில் நிரலகம் இடப்பட்டபின் எல்டிகான்ஃபிக் என்னும் கட்டளை இயக்கப்படாவிடில், நிரலகக் கோப்பைக் காணவில்லை என்னும் பிழைச் செய்தியுடன் மென்பொருள் நின்றுவிடும். கோப்பு கணினியில் இருந்தும் காணவில்லை என்று சொல்லப்படுவதால் புதியவர்கள் குழம்புவது வழக்கம்.

மூன்றாவது தடை மொழித் தரவு. டெசராக்டுக்கான தமிழ்த் தரவு தனிப் பொதியாக டெபியனில் கிடைக்கிறது. ஆனால் பொதி அத்தரவை யூஎஸ்ஆர் அடைவின் ஷேர் என்னும் துணை அடைவில் இடுகிறது. மூல நிரலில் இருந்து நிறுவப்பட்ட டெசராக்டோ லோக்கல் அடைவின் கீழுள்ள ஷேர் துணை அடைவில் தேடுகிறது. தமிழ்த் தரவு நிறுவப்பட்டிருந்தும் தமிழ் கிடைக்கவில்லை என்னும் செய்தி இதனால் தோன்றுகிறது. தரவின் இடத்தைச் சூழல் மாறி ஒன்றின் வழியே குறிப்பிடலாம்; அல்லது தரவுக் கோப்பை உரிய இடத்தில் தாமே இடலாம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு: நரம்பியல் வலையமைப்பு முறைக்கென மட்டும் உருவாக்கிய தரவை 3.04 படிக்காது.

இரு பதிப்புகளும் ஒரே கணினியில் இருந்தால், கட்டளையைத் தேடும் வரிசையில் லோக்கல் அடைவு முன்னதாக இருப்பதால், பயனர் இடும் கட்டளைக்குப் புதிய பதிப்பே செயல்படும். பொதி மேலாளரிடம் வினவினால் அது 3.04 என்றே விடை கூறும். இரண்டு விடைகளும் உண்மையே. கணினி பொய் சொல்வதாகத் தோன்றும் இத்தகைய நிலைகளில் முதலில் பார்க்க வேண்டியது லோக்கல் அடைவையே.

2019 சூலையில் வெளியான டெபியன் 10 இல் டெசராக்ட் 4.0 பொதியாகவே சேர்ந்தது. அதன் பின்னர் மேற்கண்ட மூன்று தடைகளும் பயனருக்கு இல்லை. அவற்றைப் பொதிப் பராமரிப்பாளர்கள் தீர்த்திருந்தனர். டெசராக்டையும் தமிழ்த் தரவையும் கேட்கும் ஒரே கட்டளை போதுமானது. தெலுங்கு, கன்னடத் தரவுகளும் இவ்வாறே தனிப் பொதிகளாகக் கிடைக்கின்றன.

தமிழ்நாட்டில்

1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும் இந்தியாவில் பலருக்கு லினக்ஸ் கிடைத்த வழி குறுவட்டு ஆகும். பிசி குவெஸ்ட், லினக்ஸ் ஃபார் யூ ஆகிய ஆங்கில இதழ்களுடன் குறுவட்டுகள் வந்தன. 2005 முதல் 2011 வரை உபுண்டு தன் குறுவட்டுகளை அஞ்சலில் இலவசமாக அனுப்பியது. குறைந்த வேக இணைய இணைப்புள்ள ஊர்களில், வட்டில் உள்ள பொதிகளே கையில் இருந்த களஞ்சியம். வட்டில் இல்லாத மென்பொருளுக்கு மூல நிரலையோ பொதியையோ வேறிடத்தில் பதிவிறக்கி எடுத்துவர வேண்டியிருந்தது. சார்ந்த பொதிகளில் ஒன்று விடுபட்டாலும் மீண்டும் செல்ல நேர்ந்தது.

பொதி கட்டலில் தமிழ்நாட்டின் குறிப்பிடத்தக்க முயற்சி பாஸ் லினக்ஸ் ஆகும். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூசன்ஸ் என்பதன் சுருக்கமே இப்பெயர். நடுவண் அரசின் உயர்நிலைக் கணிமை வளர்ச்சி மையமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு இதனை உருவாக்கியது. இதன் முதல் பதிப்பு 2007 இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்கள், உள்ளீட்டு முறைகள், மொழிபெயர்க்கப்பட்ட இடைமுகம் ஆகியவை இதில் பொதிகளாகச் சேர்க்கப்பட்டன. பள்ளிகளுக்கென எடுபாஸ் என்னும் தனிப் பதிப்பும் வெளியிடப்பட்டது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்யப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. 2018 இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு இயங்குதளம் அறிமுகப்படுத்தப்பட்டது. பாஸ், உபுண்டு ஆகிய இரண்டும் டெபியன் வழியில் வந்தவை என்பதால் இரண்டும் ஒரே பொதி வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் ஒன்றுக்காகக் கட்டப்பட்ட பொதி, நிரலகங்களின் பதிப்பு வேறுபட்டால், மற்றொன்றில் நிறுவப்படாமல் போகலாம்.

பள்ளிக் கணினி அறை

இரு வழிகளின் செலவையும் ஒரு பள்ளியின் அளவில் ஒப்பிடலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 இல் தருமபுரி மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்டது. அதன் தென்கிழக்கில் உள்ள வட்டத் தலைநகரம் ஊத்தங்கரை. அங்குள்ள ஒரு பள்ளியின் கணினி அறையில் ஒரே வகையான 20 லினக்ஸ் கணினிகள் இருப்பதாகவும், அவற்றில் தமிழ் எழுத்துணரியை நிறுவ வேண்டியிருப்பதாகவும் கொள்வோம்.

மூல நிரல் வழியில், 20 கணினிகளிலும் நிரல்பெயர்ப்பியும் நிரலகங்களின் வளர்ச்சிக் கோப்புகளும் தேவைப்படும். 20 முறை உருவாக்க வேண்டும். ஒரு கணினியில் ஒரு விருப்பத்தேர்வு மாறிவிட்டால் அது மற்றவற்றில் இருந்து வேறுபட்டுவிடும். ஆனால் அவ்வேறுபாடு எங்கும் பதிவாகாது. நிறுவிய ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறுதல் பெற்றுச் சென்றால், எவை எவ்வாறு நிறுவப்பட்டன என்னும் அறிவும் அவருடனே சென்றுவிடும்.

பொதி வழியில், ஒரு கணினியில் பதிவிறக்கப்பட்ட பொதிகளை விரலியில் படியெடுத்து மற்றவற்றில் நிறுவலாம். ஏபிடி-கேச்சர்-என்ஜி போன்ற இடைத்தேக்ககம் ஒரு கணினியில் அமைக்கப்பட்டால், ஒவ்வொரு பொதியும் இணையத்தில் இருந்து ஒரு முறை மட்டுமே இறங்கும். ஏனைய 19 கணினிகளும் அதனை அறைக்குள்ளிருந்தே பெறும். அடுத்து வரும் ஆசிரியர், நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியலை ஒரே கட்டளையில் காணலாம்.

தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் அதே அறைக்கு மூன்று மொழித் தரவுகளும் தேவைப்படலாம். பொதி முறையில் அதற்கு மேலும் இரு பெயர்களைக் கட்டளையில் சேர்த்தால் போதும். ஒரு மொழியின் மென்பொருள் அம்மொழி பேசுவோரைச் சென்றடைவதில் பொதிப் பராமரிப்பாளரின் பங்கு இங்கு தெளிவாகிறது. எழுத்துரு, சொற்பிழை திருத்தி, விசைப்பலகை அமைப்பு எதுவாயினும், களஞ்சியத்தில் பொதியாக இல்லாதவரை, நிறுவத் தெரிந்த சிலரோடு அது நின்றுவிடும்.

பாதுகாப்பு

பிழைத் திருத்தம்

2014 ஏப்ரல் 7 அன்று, மறையாக்க நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஆர்ட்பிளீடு என்னும் பிழை வெளிப்படுத்தப்பட்டது. வழங்கியின் நினைவகத்தில் உள்ள கமுக்கமான தரவுகளைப் பிறர் படிக்க இது இடமளித்தது. முதன்மை வழங்கல்கள் திருத்திய பொதிகளை விரைவில் வெளியிட்டன. அவற்றில் பல, நிரலகத்தின் முதன்மைப் பதிப்பெண்ணை மாற்றாமல், திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் பொருத்தின. பொதிகளைப் பயன்படுத்தியவர் வழக்கமான இற்றைப்படுத்தலைச் செய்து, தொடர்புடைய சேவைகளை மீளத் தொடங்கித் திருத்தத்தைப் பெற்றார். மூல நிரலில் இருந்து நிறுவியவர் செய்தியைத் தாமே அறிந்து, புதிய பதிப்பைத் தாமே உருவாக்க வேண்டியிருந்தது. நிறுவியதையே மறந்திருந்தால் பிழை அங்கேயே தங்கிவிடும்.

பராமரிப்பாளரின் பிழை

பொறுப்பை ஒப்படைத்தல் எப்போதும் இடரற்றது என்று கொள்ள முடியாது. 2006 இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், சோதனைக் கருவி ஒன்றின் எச்சரிக்கையை நீக்குவதற்காக மூல நிரலில் மாற்றம் செய்யப்பட்டது. தற்போக்கு எண்ணை உருவாக்கும் பகுதி அதனால் வலுவிழந்தது. உருவாகக்கூடிய திறவுகோல்களின் எண்ணிக்கை, எளிதில் முழுவதும் முயன்று பார்க்கக்கூடிய அளவுக்குச் சுருங்கியது. 2008 மே மாதத்தில் இது கண்டறியப்பட்டு அறிவிக்கப்பட்டது. டெபியனையும் அதில் இருந்து வந்த உபுண்டு முதலியவற்றையும் இது பாதித்தது. நிரலாளர்கள் வெளியிட்ட மூல நிரலில் இருந்து நேரடியாக நிறுவியவர்களை இது பாதிக்கவில்லை.

எக்ஸ்இசட் நிகழ்வு

2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் நிரல் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெசு ஃபிராயிண்டு என்னும் பொறியாளர் அறிவித்தார். தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதித்ததை ஆராய்ந்தபோது அவர் இதனைக் கண்டார். தாக்குதலின் முதற்படியான கட்டளை வரிகள், அனைவரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. பதிவிறக்குவதற்காக வெளியிடப்பட்ட சுருக்கக் கோப்பில் மட்டுமே இருந்தன. மேலும், டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதி கட்டப்படும் சூழலா என அவை சோதித்து, அச்சூழலில் மட்டும் செயல்பட்டன. தாக்கியவரின் இலக்கு, ஓரிடத்தில் கட்டப்பட்டுப் பல கணினிகளுக்குச் செல்லும் பொதியே. டெபியனின் நிலையான பதிப்பை அடையும் முன்னர் இது தடுக்கப்பட்டது.

மூல நிரல் திறந்திருப்பது மட்டும் போதாது. கையில் உள்ள இருமக் கோப்பு அந்த மூல நிரலில் இருந்தே உருவானது என்பதை எவரும் சரிபார்க்க இயல வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. டெபியனில் 2013 முதல் நடைபெறும் மீளுருவாக்கத்தக்க கட்டல் என்னும் முயற்சி இதனை ஒட்டியது. ஒரே மூல நிரலை ஒரே சூழலில் இருவர் தனித்தனியே கட்டினால், ஒரு பிட்டும் மாறாத ஒரே கோப்பு கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கட்டிய நேரம், அடைவின் பெயர், கோப்புகளின் வரிசை முதலியவை பொதிக்குள் பதிவதே இதற்கு இடையூறு என்பதால், அவற்றை நீக்கவோ நிலைப்படுத்தவோ கருவிகள் திருத்தப்பட்டன. எனினும் மூல நிரலிலேயே தீங்கு கலந்திருந்தால் இம்முறை அதனைக் காட்டாது.

இடைப்பட்ட வழிகள்

இரு வழிகளுக்கும் இடையே பல முறைகள் உள்ளன.

செக்இன்ஸ்டால் என்னும் கருவி, மேக் இன்ஸ்டால் இடும் கோப்புகளைக் கவனித்து, அவற்றை எளிய பொதியாகக் கட்டி நிறுவுகிறது. நீக்குதல் எளிதாகிறது. ஆயினும் சார்புகளை இது ஆராய்ந்து எழுதுவதில்லை என்பதால் பிறருக்கு வழங்கும் தரம் இப்பொதிக்கு இல்லை.

குனூ ஸ்டோ, ஒவ்வொரு மென்பொருளையும் தனி அடைவில் வைத்து, பொது அடைவில் அவற்றுக்கான இணைப்புகளை மட்டும் உருவாக்குகிறது. இணைப்புகளை நீக்கினால் மென்பொருள் விலகிவிடும்.

நிறுவாமலேயே இயக்குதல் மற்றொரு முறை. இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ்சிஎன்சி போன்ற மென்பொருள்களை, உருவாக்கிய அடைவிலேயே வைத்து இயக்கிச் சோதிக்கலாம். அடைவை அழித்தால் எச்சம் இராது.

வழங்கலின் மூலப் பொதியைப் பெற்று, அதில் தேவையான மாற்றத்தைச் செய்து மீண்டும் பொதியாகக் கட்டுவதும் உண்டு. பராமரிப்பாளர் எழுதிய சார்புகளும் படிகளும் ஏற்கனவே இருப்பதால், முதல் முறையாகப் பொதி கட்டப் பழகுவோருக்கு இது ஏற்றது. ஆர்ச் லினக்சில் பிகேஜிபில்டு என்னும் ஒரே கோப்பில் படிகளை எழுதிப் பொதி கட்டும் முறை இதற்கு நெருங்கியது.

ஃபிளாட்பேக், ஸ்னாப் ஆகியவை மென்பொருளைத் தேவையான நிரலகங்களுடன் சேர்த்து, வழங்கல் எதுவாயினும் இயங்கும் வகையில் அளிக்கின்றன. பழைய வழங்கலிலும் புதிய பதிப்பைப் பெறலாம். கூடுதல் வட்டு இடமும் பதிவிறக்க அளவும் இதற்கான விலை ஆகும்.

தேர்ந்தெடுத்தல்

களஞ்சியத்தில் உள்ள பதிப்பு தேவையை நிறைவு செய்யுமாயின் பொதியே பொருத்தமானது. மென்பொருளைக் கற்கவோ மாற்றவோ விரும்பினால் மூல நிரல் ஏற்றது. புதிய பதிப்பு ஒரு கணினிக்கு மட்டும், குறுகிய காலத்துக்கு மட்டும் தேவைப்பட்டால் மூல நிரலில் இருந்து லோக்கல் அடைவிலோ பயனரின் சொந்த அடைவிலோ நிறுவலாம். அப்போது பதிவிறக்கிய கோப்பின் எண்முறைக் கையொப்பத்தைச் சரிபார்த்தல், கான்ஃபிகர் கட்டளையில் கொடுத்த விருப்பத்தேர்வுகளைக் குறித்து வைத்தல், உருவாக்கிய அடைவைப் பாதுகாத்தல் ஆகியவை பின்னர் உதவும். சி நிரலகம் போன்ற அடிப்படைக் கூறுகளை யூஎஸ்ஆர் அடைவில் நேரடியாக மேலெழுதுவது கணினியையே தொடங்க முடியாமல் செய்துவிடலாம்.

ஒரே மென்பொருள் இரண்டாவது கணினிக்கும் தேவைப்படும்போதும், நிறுவியவர் அல்லாத வேறொருவர் அதனைப் பராமரிக்க நேரும்போதும் பொதி கட்டும் உழைப்பு பயன் தருகிறது. கன்ட்ரோல், சேஞ்ச்லாக் ஆகிய கோப்புகளை எழுதுவதற்குச் செலவாகும் நேரம், அடுத்துப் பொறுப்பேற்பவர் அதே மூன்று தடைகளையும் மீண்டும் கண்டறிந்து கடக்கும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.